சேர்மனுக்குப் போட்ட பொரி

நீரைப் பற்றி அளவுக்கு மீறிப் பாடியவர்களை நீருக்கு அருகே விடலாகாது. அவர்களுக்குப் பாற்கடலின் ஆழம் தெரியும். ஊழிவெள்ளத்தின் உயரம் தெரியும். கங்கை எந்தத் திருவடியில் புறப்பட்டு எந்தச் சடையில் தங்கி வந்தாள் என்ற வழித்தடம் முழுவதும் தெரியும். இடுப்பளவுத் தண்ணீரில் வழுக்குக் கல்லின்மேல் எப்படி நிற்பது என்பது மட்டும் தெரியாது. இதை நான் பொதுவாகச் சொல்வதுபோல் தோன்றினாலும், ‘அவர்கள்’ என்று பன்மையில் குறித்தது என் ஒருவனைத்தான். (மரியாதைப் பன்மை என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு யாரும் எனக்கு அதைக் கொடுப்பதில்லை.)

நியூ ஜெர்சியில், பிஸ்கட்டவேயில், நெடுங்காலமாக வசிக்கிறேன். மருந்துக் கம்பெனியில் வேதியியலாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். சனிக்கிழமைதோறும் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் பாசுர வகுப்பு நடத்துகிறேன். எனக்கு மிகப் பிடித்த தலைப்பு சரணாகதி. ‘நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை, அவன் போக்கில் விட்டுவிட வேண்டும்’ என்பதை இரண்டு மணி நேரம் இடைவிடாமல் விளக்குவேன். என் மனைவி ஜெயா அப்போது மாடியில் இருப்பாள். அவளுக்கு இது மேலிருந்தே கேட்கும் என்பது அவள் குறை.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மகள் மைதிலி, தன்னோடு வேலை பார்க்கும் கதிர் என்ற பிள்ளையை மணக்க விரும்புவதாகச் சொன்னாள். கதிரின் பெற்றோர் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர்கள். எங்கள் வீட்டிலிருந்து மேற்கே ஒரு மணி நேரத் தொலைவில், மான்கள் வந்து செடி தின்னும் ஊரில் வீடு கட்டியிருந்தார்கள். எங்கள் வீட்டில் வெங்காயத்துக்கே விசாரணைக் கமிஷன் உண்டு. அவர்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆட்டுக்கறி. ஆயினும் பிள்ளை தங்கமானவன்; நானும் ஜெயாவும் மனம் ஒப்பி அவர்கள் வீட்டுக்குச் சென்றோம்.

அங்கேதான் கூஜா வந்தது.

வெளியிடங்களில் நான் தண்ணீர் அருந்துவதில்லை. வீட்டுத் தண்ணீரை வெள்ளிக் கூஜாவில் எடுத்துச் செல்வது என் வழக்கம். எங்கள் சுற்றத்தார் எல்லோருக்கும் இது பழகிப்போனது; அந்தக் கூஜாவைப் பார்த்தாலே, நான் பின்னால் வருகிறேன் என்று எச்சரிக்கையாகிவிடுவார்கள். கதிரின் தாயார் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீரை நீட்டியபோது, நான் மிகுந்த பணிவோடு புன்னகைத்து, பையிலிருந்து கூஜாவை எடுத்து, மூடியைத் திருகி, அண்ணாந்து குடித்தேன். அந்த அம்மையார் சிரித்துவிட்டார். கதிரின் தந்தை மருதாசலம் சிரிக்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை, கூஜாவை மட்டும் பார்த்தார். அன்று மாலை முழுவதும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரம் கழித்து மைதிலி சொன்னாள்.

“அங்கிள் இன்னும் யெஸ் சொல்லலைப்பா. ஆன்ட்டி ஓகே. அவர்தான், ‘என்ற வூட்டுத் தண்ணி எறங்காத தொண்டைக்கு, என்ற பையன் மட்டும் எப்படி எறங்குவான்’னு கேக்கறாராம்.”

“நான் யார் ஆத்துலயும்தான் குடிக்கறதில்லே. அவரை மட்டும் தனியாவா அவமதிச்சேன்?”

“ப்ளீஸ்ப்பா, இதை அவர்கிட்ட சொல்லிடாதீங்க. எல்லாரையும் ஈக்வலா இன்சல்ட் பண்றேன்னு ஒரு எக்ஸ்ப்ளனேஷனா?”

கதிரோ, தந்தை வாயால் ‘சரி’ என்று வராமல் ஓர் அடியும் எடுத்துவைக்க மாட்டேன் என்று நின்றான். மைதிலி சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள். நான் வகுப்பில் சரணாகதியைப் பற்றி இன்னும் உரக்கப் பேசினேன். அந்நிலையில்தான் மருதாசலத்திடமிருந்து தொலைபேசி வந்தது.

“ஐயா, வர்ற ஞாயித்துக்கெழமை சும்மா இருக்கறீங்களா? என்ற கூட ஆத்துக்கு வாங்க. டிரவுட் மீன் புடிக்கப் போலாமுங்க.”

“மீனா?”

“வூட்டுக்குள்ள உக்காந்து பேசினா ஆரும் நல்லாத்தான் பேசுவாங்க. ஒரு ஆளோட அரை நாள் ஆத்துல நின்னா, அவரு ஆருன்னு தெரிஞ்சு போகுமுங்க.”

இது அழைப்பு அன்று, நேர்முகத் தேர்வு. மகளின் முகத்தைப் பார்த்து, வருகிறேன் என்றேன். ஆனாலும் மனத்தில் இருந்ததைக் கேளாமல் இருக்க முடியவில்லை.

“பிடிச்ச மீனை என்ன பண்ணுவேள்?”

“உட்டுருவேனுங்க. முள்ளுல எதிர்க்கொக்கி இருக்காது. வலிக்காம கழட்டித் தண்ணிலயே உட்டுருவேன்.”

“விடறதுக்கு எதுக்கு சார் பிடிக்கணும்?”

“நீங்க அத்தனை வருசமாப் பாடறீங்களே, பெருமாளு எறங்கி வந்துட்டாருங்களா?” என்றார்.

வாழ்நாளில் எத்தனையோ வாதங்களில் வென்றிருக்கிறேன். அன்று ‘ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு’ என்று கேட்டேன்.

மைதிலி ஆன்லைனில் எனக்கு மீன்பிடி லைசென்ஸ் எடுத்தாள். நியூ ஜெர்சி அரசாங்கமே என்னை மீனவன் என்று ஏற்றுக்கொண்டுவிட்டது. என் மனச்சான்றுதான் கையெழுத்திடவில்லை. எம்பெருமான் முதன்முதலில் எடுத்த அவதாரமே மீன். அவ்வடிவத்தின் வாயில் நான் முள்ளை மாட்டுவதா? இரவெல்லாம் யோசித்து ஒரு தீர்மானத்துக்கு வந்தேன். தூண்டிலைப் பிடிப்பேன், வீசுவேன், சம்பந்தியாகப் போகிறவர் மனம் குளிர நடந்துகொள்வேன். ஆனால் ஒரு மீனும் என்னிடம் வரக்கூடாது என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டே இருப்பேன்.

“அதுக்குப் போய்ப் பெருமாளைத் தொந்தரவு பண்ணுவாளா?” என்றாள் ஜெயா. “நீங்க கிண்டற உப்புமாவையே ஆத்துல ஒருத்தரும் தொடறதில்லே. மீன் மட்டும் வந்துடப் போறதா? அது கிடக்கட்டும், அந்தக் கூஜாவை எடுத்துண்டு போகாதீங்கோ.”

எடுத்துக்கொண்டுதான் போனேன். கூடவே ஒரு பை பொரியும். கோயில் குளமாயினும் ஆறாயினும், மீன் இருக்கும் இடத்துக்கு வெறுங்கையோடு போனதில்லை. இருக்கட்டும் என்று கொஞ்சம் அதிகமாகவே எடுத்தேன்.

ராரிட்டன் ஆற்றின் தென்கிளை, அந்த இடத்தில் மலைகளுக்கு இடையே நெருங்கிப் பாய்கிறது. மே மாதம்; மரங்களெல்லாம் புதுத் தளிர். கதிரும் மைதிலியும் கரையில் மடக்கு நாற்காலி போட்டு அமர்ந்துகொண்டார்கள். மருதாசலம் எனக்காக ஒரு ரப்பர் உடை கொண்டுவந்திருந்தார். வேடர்ஸ் என்கிறார்கள், பாதத்திலிருந்து மார்புவரை ஒரே பையாகத் தைத்து, தோளில் வாரிட்டு மாட்டுவது. உள்ளே பேன்ட் அணிந்து வருமாறு மைதிலி சொல்லியிருந்தாள். நானோ, ஞாயிற்றுக்கிழமை அமாவாசையும் சேர்ந்திருந்தபடியால், பஞ்சகச்சம் கட்டி, அங்கவஸ்திரம் அணிந்து, பன்னிரு திருமண்ணும் துலங்க வந்திருந்தேன்.

“அவுத்துட்டுப் போடுங்க,” என்றார் மருதாசலம்.

“அமாவாசையும் அதுவுமா அவிழ்க்க மாட்டேன்.”

ஐந்து கச்சங்களோடு அந்த ரப்பர் பைக்குள் நான் இறங்கிய காட்சியை விவரிக்கும் துணிவு எனக்கில்லை. தலையணை உறைக்குள் மெத்தையை நுழைத்துப் பார்த்தவர்கள் ஊகித்துக்கொள்க. மருதாசலம் இடுப்பில் ஒரு பெல்ட்டைக் கட்டி இறுக்கினார்.

“இதைத் தளத்தீராதீங்க. உள்ள தண்ணி பூந்துச்சுன்னா மனுசன் மூட்டையாட்ட ஆயிருவாரு.”

இறுக்கிய பெல்ட்டின் கீழ்க் கொசுவம் முழுவதும் வயிற்றில் குத்தியது. அவர் திரும்பியதும் தளர்த்திக்கொண்டேன். மார்புப் பக்கம் அழகான பை ஒன்று இருந்தது. அதில் பொரியைக் கொட்டிக்கொண்டேன்.

“அங்கிள், யூ லுக் கிரேட்,” என்றான் கதிர், வாயைக் கையால் மூடிக்கொண்டு.

இந்த மீன்பிடி முறையில் புழு கிடையாது, இரை கிடையாது. அந்தப் பகுதியில் இரை வைப்பதே கூடாதாம். இறகும் நூலும் கொண்டு, மருதாசலம் தாமே பூதக்கண்ணாடி வைத்துக் கட்டிய பொய் ஈ ஒன்றுதான் தூண்டிலின் முனையில் இருக்கிறது. அதைத் தலைக்குமேல் முன்னும் பின்னும் வீசி, இறகு விழுவதுபோல் நீர்மேல் இறக்க வேண்டும். மருதாசலம் வீசியபோது அந்த நூல் காற்றில் கையெழுத்துப் போட்டது. நான் வீசியபோது முதலில் ஒரு மரத்தையும், அடுத்து என் அங்கவஸ்திரத்தையும், அதற்கடுத்து மருதாசலத்தின் தொப்பியையும் பிடித்தேன். தொப்பி நல்ல எடை. அதையும் அவர் வலிக்காமல் கழற்றி விட்டுவிட்டார்.

“ஏனுங்க, வண்டி மாட்ட ஓட்டறாப்பல ஓட்டறீங்க? மெல்லமா. கையி பேசோணும், தோளு சும்மா இருக்கோணும்.”

ஒருவாறு ஈ நீரில் விழுந்தது. அடுத்த கண்டம் அங்கே தொடங்கியது.

“டிராக் ஆகுது பாருங்க. நூலு ஈயை இழுக்குது. ஆத்துல தானா வர்ற பூச்சி இப்படிக் கோடு போட்டுக்கிட்டா வரும்? ஈக்கு நூலு கட்டியிருக்குதுன்னு ஆத்துக்கே தெரியக்கூடாதுங்க.”

“நான் என்ன பண்ணணும்?”

“ஒண்ணும் பண்ணக்கூடாதுங்க. அது ஆத்தோட போக்குல போகட்டும்.”

ஒன்றும் செய்யாமலிருக்க முயன்றேன். அதைவிடக் கடினமான செயலை நான் அறிந்ததில்லை. கோலை உயர்த்தினேன், தாழ்த்தினேன், ஈ பின்தங்குகிறதோ என்று ஓர் இழுப்பு, முந்துகிறதோ என்று ஒரு தளர்த்தல். “ஐயா, ஒண்ணும் பண்ணாதீங்க,” என்று அவர் சொல்லச் சொல்ல, எனக்குச் செய்வதற்குப் புதிது புதிதாகத் தோன்றிக்கொண்டே இருந்தது. கரையிலிருந்து மைதிலி, “அப்பா, சாட்டர்டே க்ளாஸ்ல இதானே சொல்லுவீங்க?” என்று கேட்டாள். பெற்ற பிள்ளை.

அப்படியும் அவர் பொறுமை இழக்கவில்லை. ஆற்றோட்டத்தில் சற்றுக் கீழே ஒரு மடுவைக் காட்டினார். சாய்ந்து கிடந்த பெரிய மரமொன்றின் நிழலில் நீர் கறுத்திருந்தது.

“அங்கதான் சேர்மன் இருக்கறாருங்க.”

“யார்?”

“பெரிய மீனு. பஞ்சாயத்து சேர்மனாட்ட, மரத்தடியிலயே உக்காந்திருப்பாரு. ஆரு போனாலும் எந்திரிக்க மாட்டாரு. நானும் பல வருசமா மனுக் குடுத்துக்கிட்டே இருக்கறேன்.”

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த ஏக்கத்தை நான் எங்கோ பார்த்திருக்கிறேன். கோயிலில் திரை போட்டிருக்கையில் வரிசையில் நிற்பவர்கள் முகத்தில். முதன்முறையாக அந்த மனிதரை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. ஏதாவது நல்லது செய்ய வேண்டும்போல் இருந்தது. (ஐயோ.)

அவர் சற்றுக் கீழே போய் நின்றார். நான் மேலே இருந்தேன். தண்ணீரில் ஒரு சிறு நிழல் என் காலருகே ஓடியது. மார்புப் பையிலிருந்து ஒரு பிடி பொரி எடுத்து, யாருக்கும் தெரியாமல் நீரில் தூவினேன். வெள்ளை வெளேரென்று மிதந்து போயிற்று. ‘பளக்’ என்று ஒரு சத்தம். ஒரு பொரியைக் காணவில்லை. நெஞ்சு குளிர்ந்து, இன்னும் ஒரு பிடி தூவினேன். பிறகு இரண்டு கையாலும்.

கீழே மருதாசலம் திடீரென்று நிமிர்ந்தார்.

“ஐயா, அசையாதீங்க. ஹாட்ச் ஆரம்பிச்சிருச்சு.”

நீரடியில் வளர்ந்த பூச்சிகளெல்லாம் ஒரே வேளையில் சிறகு முளைத்து மேலே வரும் திருநாளுக்கு அந்தப் பெயர். அப்போது மீன்களெல்லாம் மேலே வந்து தின்னும். ஆண்டில் சில நாளே வாய்க்கும் அந்த வேளைக்காகத்தான் இவர்கள் வாழ்கிறார்களாம். ஆறு முழுவதும் ‘பளக், பளக்’ என்று மீன்கள் வட்டம் போட்டன. மருதாசலம் ஈப்பெட்டியைத் திறந்தார், மூடினார், மூக்குக் கண்ணாடியைத் தேடினார், அது மூக்கிலேயே இருந்தது.

“வெள்ளையா இருக்குது. என்ன பூச்சின்னே தெரியலியே. இந்த மாசத்துல இப்படி ஒண்ணு வந்து நான் பாத்ததே இல்லீங்க.”

பெட்டியின் மூலையில் கிடந்த இரண்டு வெள்ளை ஈக்களை எடுத்து, தமக்கொன்று கட்டினார். அந்த அவசரத்திலும் ஆற்றை எதிர்த்து நடந்து வந்து எனக்கும் ஒன்றைக் கட்டிவிட்டார். அப்படிப்பட்ட மனிதர். நான் வாய் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவ்வளவு ஆனந்தமாக இருந்தவரிடம் ‘அது நாங்கள் கோயிலுக்கு வாங்கியது’ என்று எப்படிச் சொல்வது?

திரும்பிக் கீழே போனவர், நீரில் மிதந்து வந்த ஒன்றை உள்ளங்கையில் ஏந்தினார். கண்ணருகே கொண்டுபோனார். திருப்பினார், கால் இருக்கிறதா, சிறகு இருக்கிறதா என்று தேடினார். கடைசியில் வாயில் போட்டு மென்றார்.

பிறகு மெல்லத் தலையைத் திருப்பி, மேலே நின்ற என்னைப் பார்த்தார். என் கை பைக்குள் இருந்தது.

“ஐயா, இது பொரிங்களா?”

“கொளத்துல போடற வழக்கம்.”

“பரவாயில்லீங்க.”

தமிழில் ‘பரவாயில்லை’ என்பதற்குப் பல நிலைகள் உண்டு. உடைந்த டம்ளருக்குச் சொல்வது ஒன்று. மறந்துபோன பிறந்தநாளுக்குச் சொல்வது ஒன்று. இது அவற்றுக்கெல்லாம் அப்பாற்பட்டது. அவர் தூண்டிலைத் தோளில் சாய்த்துக்கொண்டு சேர்மன் மடுவை நோக்கி நடந்தார். அவர் முதுகு கூஜாவை நினைத்துக்கொண்டிருப்பதுபோல் எனக்குத் தோன்றியது.

கரையைப் பார்த்தேன். மைதிலி கையில் போனை வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள், ஆனால் சிரிக்கவில்லை. அவள் கல்யாணத்தை ஒரு பிடி பொரியில் கரைத்துவிட்டேன்.

நடு ஆற்றில் தனியாக நின்றேன். உச்சிவேளை, அமாவாசை, தெளிந்து ஓடும் நீர். அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. காலையிலிருந்து ஓர் ஆற்றுக்குள் நின்றுகொண்டிருக்கிறேன், இன்னும் முழுகவில்லை. ஆற்றில் இறங்கியவன் தலை நனையாமல் கரையேறுவது என்ன நாகரிகம்? இந்த நாட்டுக்கு வந்தது முதல் குழாயடியிலேயே காலம் போய்விட்டது. செய்த பிழைக்குப் பரிகாரமாகவும் இருக்கும். மூன்றே முழுக்கு, போட்டுவிட்டு நல்ல மனத்தோடு போய் மன்னிப்புக் கேட்கலாம்.

மார்பளவு ரப்பர் பையை அணிந்துகொண்டிருக்கிறேன் என்பது அந்த நேரத்தில் என் நினைவிலேயே இல்லை. இதை இன்றுவரை ஒருவரும் நம்பவில்லை. ஆனால் தண்ணீரைக் கண்டதும் உடம்பு தானே செய்யும் காரியத்துக்கு மனத்தின் அனுமதி தேவைப்படுவதில்லை. இடக்கையில் தூண்டில், வலக்கையால் மூக்கைப் பிடித்தேன். ‘கோவிந்தா’ என்றேன். முழுகினேன்.

ராரிட்டன் ஆறு என் கழுத்து வழியாக உள்ளே வந்தது.

மே மாதத்து மலைநீர் எவ்வளவு குளிராயிருக்கும் என்பதை இடுப்புக்குக் கீழே ரப்பர் இதுவரை என்னிடமிருந்து மறைத்து வைத்திருந்தது. அது பெல்ட்டைத் தாண்டி, கச்சங்கள் ஐந்தையும் முறையாகத் தரிசித்து, பாதம்வரை சென்று சேர்ந்தது. எழ முயன்றேன். எழுந்தது தலை மட்டுமே. இரண்டாவது ‘கோவிந்தா’ பரிகாரத்துக்காகச் சொன்னதன்று, உயிருக்காக.

கால் கல்லைவிட்டு வழுக்கியது. மல்லாந்தேன். உள்ளே அகப்பட்ட காற்றில் வேட்டி உப்பி என்னை மேலே தூக்க, ஆறு என்னைக் கால் முன்னும் தலை பின்னுமாக எடுத்துக்கொண்டு புறப்பட்டது. ஆலிலையில் மிதந்த குழந்தையைப்போல என்று எழுத ஆசைதான். கதிர் கரையிலிருந்து பார்த்துச் சொன்னபடி, விசர்ஜனத்துக்குக் கொண்டுபோன பிள்ளையாரைப்போல இருந்தேனாம். பரம வைணவனுக்கு இப்படி ஓர் உவமை. மார்புப் பை திறந்துகொண்டு, மிச்சமிருந்த பொரியெல்லாம் வெளியேறி, என்னைச் சுற்றிப் பரிவாரமாக மிதந்து வந்தது.

“அங்கிள்! ஆர் யூ ஓகே?” என்று கத்திக்கொண்டு கதிர் கரையோரம் ஓடினான். மைதிலியும் ஓடினாள், போனை இறக்கவில்லை.

தூண்டிலை மட்டும் நான் விடவில்லை. அது மருதாசலத்தின் தூண்டில். கூஜா, பொரி, அதற்குமேல் தூண்டிலையும் தொலைத்தவன் என்ற பெயர் வேண்டாம் என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். நூல் என் அருகிலேயே மிதந்தது. அதன் முனையில் அந்த வெள்ளை ஈ, பொரிகளுக்கு நடுவே, பொரிகளின் வேகத்திலேயே, என் வேகத்திலேயே, ஆற்றின் வேகத்திலேயே வந்துகொண்டிருந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை. வாழ்க்கையில் முதன்முறையாக, செய்வதற்கு என்னிடம் ஒன்றுமே இல்லை.

மருதாசலம் மடுவின் ஓரத்தில் நின்று பார்த்தார். தம் கையிலிருந்த தூண்டிலை அப்படியே ஆற்றில் எறிந்துவிட்டு, மார்பளவு நீரில் என்னை நோக்கிப் பாய்ந்தார்.

“கையக் குடுங்க, கையக் குடுங்க!”

நான் தூண்டிலை நீட்டினேன்.

“ராடு கெடக்குது கழுத. கையக் குடுங்க!”

என் தோள்வாரை எட்டிப் பிடித்துவிட்டார். என் எடையும், என்னுள் இருந்த ஆற்றின் எடையும் சேர்ந்து அவரையும் சாய்த்தன. இருவரும் ஆழம் குறைந்த மணலில் போய் உட்கார்ந்தோம்; சரியாகச் சொன்னால், அவர் மணலில் உட்கார்ந்தார், நான் அவர் மடியில் உட்கார்ந்தேன். இருவர் வாயிலிருந்தும் தண்ணீர் வந்தது. மன்னிப்புக் கேட்க அதுவே தருணம் என்று வாயைத் திறந்தேன்.

“சார், ஏதோ இழுக்கறது.”

“காலு மரத்துருச்சுங்களா?”

“கால் இல்லே. கோல்.”

தூண்டில் வில்லாய் வளைந்து கறுத்த நீருக்குள் நுழைந்திருந்தது. என் காதுக்குப் பின்னால் அவர் மூச்சு நின்றுபோனது.

“ஐயா,” என்றார் கிசுகிசுப்பாக. “ஆடாதீங்க. சேர்மன்.”

அடுத்து நடந்தவை மைதிலியின் காணொளியில் உள்ளன. நாற்கரம் கொண்டவனைப் பற்றி நான் பலமுறை பேசியிருக்கிறேன். அன்று நாங்கள் இருவரும் சேர்ந்து அப்படித்தான் இருந்தோம். என் இரு கைகளின்மேல் அவர் இரு கைகள். “உடுங்க, உடுங்க, ஓடட்டும். இப்ப சித்த சுத்துங்க. அட, உங்களைச் சுத்தச் சொல்லலீங்க, ரீலை.” நான் நடுங்கினேன், அவர் நடுங்கினார், எங்களுக்கு எதிரே நீருக்குள் பெரியதொரு தலை ‘இது என்ன நிர்வாகம்’ என்பதுபோல் உதறியது. கதிர் வலையோடு நீருக்குள் குதித்தான்.

வந்தது. வெண்ணெய் உருக்கினாற்போன்ற பொன்னிறம். அதில் கரும்புள்ளிகள், செம்புள்ளிகள், ஒவ்வொரு செம்புள்ளியைச் சுற்றியும் வெளிர்நீல வளையம். உதட்டோரத்தில் வெள்ளை ஈ. வாயினுள்ளே ஒரு பொரி.

ஒரு மீனும் வரக்கூடாது என்று வேண்டியவன் நான். பல ஆண்டு வேண்டியவர் அவர். யாருடைய மனுவைப் பெருமாள் படித்தார் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டார்போலும். எல்லாவற்றுக்கும் பாசுரம் வைத்திருக்கும் என் நாக்கு அப்போது ஒட்டிக்கொண்டது. இரு கையும் கூப்பி, மீனைப் பார்த்து, “க்ஷமிக்கணும்” என்றேன்.

மருதாசலம் முள்ளை எடுத்தார். போட்டோவுக்கு நிற்கவில்லை. “நீங்களே உடுங்க,” என்றார். நீருக்குள் இரு உள்ளங்கையையும் விரித்தேன். சேர்மன் ஒரு கணம் அங்கே தங்கினார். பிறகு அலுவலுக்குத் திரும்பினார். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பக்கத்தில் அவரும் துடைத்துக்கொண்டார். இருவருமே தலையிலிருந்து தண்ணீர் வடிவதுபோல் நடித்தோம்.

கரையில் என்னைப் படுக்கவைத்து, கதிர் ஒரு காலையும் மருதாசலம் ஒரு காலையும் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினார்கள். ஆறு வந்தது. பொரி வந்தது. கொசுவம் வந்தது. மைதிலி கம்பளியால் என்னைச் சுற்றினாள். பல் தந்தியடித்தது. மருதாசலம் பிளாஸ்கைத் திறந்து மூடியில் காப்பி ஊற்றி நீட்டினார். நீட்டிய பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. முகம் மாறியது, கை பின்வாங்கியது. மைதிலி எழுந்து நாற்காலியடியில் இருந்த கூஜாவை எடுக்கப் போனாள்.

“அதை வை,” என்றேன்.

மூடியை அவர் கையிலிருந்து வாங்கினேன். ஆசாரம் பேச எனக்கு அருகதை இல்லை. ஒரு மாவட்டத்து நீர் முழுவதும் ஏற்கெனவே உள்ளே போயிருந்தது. ஆனால் நான் குடித்தது அதனாலன்று. தம் தூண்டிலை ஆற்றில் எறிந்துவிட்டு வந்தவர் கையால் கொடுத்தது அது. அண்ணாந்து அன்று, வாய்வைத்தே குடித்தேன். இன்ஸ்டன்ட் காப்பி, சர்க்கரைப் பாகு, ஆறி வேறு போயிருந்தது. வாழ்நாளில் அதைவிட மோசமான காப்பியைக் குடித்ததில்லை.

“இன்னும் கொஞ்சம் இருக்குமா?” என்று கேட்டேன்.

மருதாசலம் என்னையே பார்த்தார். பிறகு பிளாஸ்கைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டுவரை ஊற்றினார்.

“இருக்குதுங்க, சம்பந்தி.”

மைதிலி அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். “வெயிட், வாட் டிட் ஹீ ஜஸ்ட் கால் ஹிம்?” என்றான் கதிர்.

அந்தக் காணொளி திருமண மண்டபத்தில் பெரிய திரையில் ஓடியது. இரண்டாவது ‘கோவிந்தா’வுக்கு அறுநூறு பேர் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். எங்கள் குடும்பத்தில் இன்று யாரும் எனக்கு ‘நீங்கள் தலையிட வேண்டாம்’ என்று சொல்வதில்லை. “அப்பா, டிராக்,” என்பாள் மைதிலி. “ஏன்னா, டிராக் ஆறது,” என்பாள் ஜெயா. வகுப்பில் சரணாகதியைப் பற்றி நான் பேசத் தொடங்கினால், மாணவர்கள் வேடர்ஸ் போட்டுக்கொண்டு வரட்டுமா என்று கேட்கிறார்கள். வெள்ளிக் கூஜா இப்போது சம்பந்தி வீட்டில், அவர் ஈ கட்டும் மேசைமேல் இருக்கிறது. நானே கொடுத்தேன். அதில் சேவல் இறகுகளைச் செருகி வைத்திருக்கிறார். அதை நான் பார்க்காததுபோல் பார்த்துக்கொள்கிறேன்.

அந்த இறகுகளிலிருந்து அவர் புதிதாக ஓர் ஈ கட்டியிருக்கிறார். பருத்த வெள்ளை வயிறு, இரு முனையும் கூர். அதற்குப் ‘பொரி’ என்றே பெயர். ஆற்றில் அவரோடு நிற்கும் அமெரிக்கர்கள், அது எந்தப் பூச்சியைப் பார்த்துக் கட்டியது என்று கேட்கிறார்களாம். தென்னிந்தியாவில் கோயில் குளங்களில் மட்டும் வருவது என்று சொல்லி வைத்திருக்கிறார். அவர்களும் ‘போரி, போரி’ என்று வாங்கிப் போகிறார்கள்.

ஞாயிறு பிற்பகல்களில் தவறாமல் அவரிடமிருந்து தொலைபேசி வரும். போன வாரமும் வந்தது.

“சம்பந்தி, காலைல இருந்து ஒண்ணும் மாட்டலீங்க. கோயில்ல ஏதாச்சும் வேண்டிக்கிட்டீங்களா?”

“நானா? நான் ஒண்ணும் பண்ணலையே.”

மறுமுனையில் ஆறு ஓடும் சத்தம் கேட்டது.

“பண்ணியிருக்கறீங்க,” என்றார். “நூலு தெரியுது.”